நெற்றி அளவுக் கம்பு

அன்பு மகள் ரம்யாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, பசு, கன்று எல்லாரும் சுகம், கூடத்து ட்யூப்லைட் மட்டும் சுகமில்லை, காரணம் பிறகு வரும். புனேயில் நீயும் சுகம்தான், கோபத்தில்தான் இருக்கிறாய் என்று போனிலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ நடத்தும் சிலம்ப வகுப்பில் அந்தச் சின்னப்பெண் ஜானவியின் கம்பு உன் விரலில் பட்டதையும், பெற்றோர்கள் சிரித்ததையும், அவளைத் திட்டி வெளியே நிற்க வைத்ததையும், அன்றிலிருந்து அவள் வராததையும் சொல்லிவிட்டு, அவளுக்குக் கை வராதும்மா, வகுப்பையே நிறுத்திடறேன் என்றாய். நான் பேச வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம், இதில் நீ குறுக்கே பேச முடியாது.

இப்போது ஒரு ரகசியம், சிரிக்காதே. உன்னோடு பள்ளியில் படித்த செந்தமிழ்ச்செல்வி சங்கராபுரத்தில் சிலம்பம் கற்றுத் தருகிறாள், நான் அவளிடம் சேர்ந்திருக்கிறேன். நம் வீட்டில் முதல் பட்டதாரி ஆகியும், மேடை ஏற வெட்கப்பட்டுப் பட்டத்தைத் தபாலில் வரவழைத்த நானேதான். முதலில் கள்ளக்குறிச்சியில் ஒரு மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். வகுப்பு முழுக்க அவரே சுற்றினார், பிள்ளைகளுக்கு நன்றாகக் கைதட்ட வருகிறது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா கல்வராயன் மலைக்குப் போனபோது தன் நண்பர் வெள்ளையனிடம் சொல்லி எனக்கு மூங்கில் கம்பு வெட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் ஒரு சுற்றுதான் சுற்றினேன், ட்யூப்லைட் போனது. உன் அப்பா வாசலில் நின்றபடி, வூட்டுக்குள்ள உனக்கு எதிரின்னு நான் ஒருத்தன்தான் மணி, நானே வெளியில போய்க்கினு இருக்கேன், வுட்டுடு என்றார்.

மறுநாள் வகுப்பில் அதே கம்பு சுழன்று வந்து செல்வியின் விரல் முட்டியில் விழுந்தது. நான் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினேன். அவள் கையை உதறிக்கொண்டே ஓடி வந்து, எம்மா, இன்னா ஓடறீங்க, அடி ஜோராத்தான் வுழுந்துச்சு, கம்ப அளந்து பாக்காம வுட்டது என் தப்பு என்று எல்லார் எதிரிலும் சொன்னாள். கம்பை என் பக்கத்தில் நிறுத்தினாள். நெற்றியோடு நிற்க வேண்டியது ஒரு சாண் மேலே போயிருந்தது, உன் அப்பா தன் நெற்றிக்கு அளந்து வெட்டியிருக்கிறார். அவளும் என் உயரம்தான், தன் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, என் நீளக் கம்போடு அதே இடத்தில் வந்து நின்று, அதே மாதிரி அடிங்க என்றாள். கண்ணை மூடிக்கொண்டு வீசினேன், இந்தத் தடவை கம்பில் கம்பு பட்டது. வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போதுதான் பார்த்தேன், கிளாஸை இடது கையில் பிடித்திருந்தாள், வலது கை விரல் வீங்கியிருந்தது. நான் மறுநாளும் போனதற்கு அந்த விரல்தான் காரணம்.

இப்போது நீ சொல். பொங்கலுக்கு வந்தபோது ஒரு கட்டுக் கம்பு கொண்டுபோனாயே, அதெல்லாம் யார் வெட்டியது? யார் நெற்றிக்கு அளந்தது? ஜானவிக்கு ஒன்பது வயது என்றாய். உனக்கு விரல் வலித்ததைவிட, பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் சிரித்ததுதான் வலித்தது, அது எனக்குத் தெரியும். அடி வாங்கத் தெரியாதவர்கள் டான்ஸ் கற்றுத் தரலாம், சிலம்பம் வேண்டாம். இந்த ஞாயிறு அவள் வீட்டுக்கே போ. அவள் கம்பை அவள் நெற்றிக்கு அளந்து அறுத்துக் கொடு, தப்பு உன்னுடையது என்று அவள் அம்மா எதிரிலேயே சொல், பிறகு அதே இடத்தில் நின்று அடிக்கச் சொல். யாராவது சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி.

வேளைக்குச் சாப்பிடு. வீங்கிய விரலுக்குச் சூடாக நல்லெண்ணெய் தடவு. நீயும் உன் பிள்ளைகளும் கண் கை கெடாமல் நன்றாக இருக்க வேண்டும். அந்த நீளக் கம்பைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன், நீ அப்பா உயரம், உன் நெற்றிக்குச் சரியாக வரும். விடுமுறைக்கு வா, எதிரில் நில். விரலைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செல்வி மாஸ்டரின் வயதான மாணவி,
உன் அம்மா மணிமொழி