முதல் முறைத் தண்ணீர்

ஜனவரி 7, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகப் போய் வால்வைத் திறந்தேன். அதுவரை எல்லாம் சரி.

உருளைக்கிழங்குச் செடிகள்மேல் உப்புத் தூவியதுபோல உறைபனி. வெயில் படும் முன்னால் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இலை கருகிவிடும். ஊற்றுத் தொட்டியடியில் இரண்டு வால்வு. ஒன்று எங்களுக்கு, ஒன்று பக்கத்துத் தோட்டத்து அன்னக்கொடி அக்காவுக்கு. ஒன்றை மூடினால்தான் மற்றதில் வேகம் வரும். முதல் முறை எங்களுடையது, மாமனார் காலத்திலிருந்து. எங்கள் செடி நனைந்ததும் அக்காவுக்கு மாற்றிவிட வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

மாற்றவில்லை.

யூகலிப்டஸ் நிழல் விழும் இடத்தில் மட்டும் பனி அப்படியே இருந்தது. நிழலின் ஓரம் கத்தரித்து வைத்ததுபோல நேராக. ஏன்? குனிந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நிமிர்ந்தபோது அக்காவின் தோட்டம் முழுக்க வெயில்.

ஜனவரி 8, புதன்

அக்காவின் மேல்பாத்திகள் கருத்துத் தொங்குகின்றன. கீழ்ப்பாத்திகள்தான் மிச்சம். பனி இன்னும் பல நாள் விழும்.

திட்டியிருந்தால் தேவலை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டார்: "ஏத்தா ரோகிணி, உன் தோட்டத்துக்குத் தெறக்க என்னைக்காச்சும் மறந்திருக்கியா? எங்க சோலின்னாத்தான் உனக்கு மறக்குது."

நியாயமான கேள்வி. எனக்கே தெரிந்தாக வேண்டும்.

வீட்டுக்காரர் செந்தில்வேல் வத்தலக்குண்டில் லோடு இறக்கிவிட்டு வந்ததும் சொல்லிச் சிரித்தார், ஃபிசிக்ஸில் மெடல் வாங்கினவளுக்கு வால்வைத் திருப்பத் தெரியவில்லையாம். நானும் சிரித்தேன். எதுக்குச் சிரிச்சேன்?

ஜனவரி 10, வெள்ளி

மதுரையில் சைக்காலஜி படிக்கிற மகள் சௌம்யா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "ஒரு தடவ டாக்டரப் பாரும்மா" என்று. இன்று கொடைக்கானல் போனேன்.

டாக்டர் சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். பரீட்சைக்குப் போகிற பஸ்ஸிலேயே ஹால்டிக்கெட்டை விட்டது, அதே பரீட்சையில் முதலாவதாக வந்தது. ஏ.டி.எச்.டி., கவனம் சிதறுகிற கோளாறு என்றார். பெண்களுக்கு இப்படி நாற்பதுக்குமேல் தெரியவருவது உண்டாம்.

அப்படியென்றால் எனக்கு அறிவு இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அறிவு வேற, இது வேறங்க. உங்களுக்குக் கவனம் இல்லாம இல்ல. அது நீங்க சொல்ற எடத்துல நிக்க மாட்டேங்குது."

பஸ் வளைவுகளில் இறங்கி ஏறும்போதெல்லாம் இதையே யோசித்தேன். எழுந்ததும் செய்கிற வேலையை நான் மறப்பதில்லை, குறுக்கே எதுவும் வருவதில்லை. இரண்டாவது வேலைக்குமுன் ஒரு காத்திருப்பு இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பனி, நிழல், எறும்பு எல்லாம் வந்து நிற்கின்றன. அக்கா முக்கியமில்லை என்பதால் அல்ல. அக்கா இரண்டாவதாக இருப்பதால்.

மருந்துச் சீட்டை டாக்டர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

போனில் அலாரம் வைத்தேன். அடித்தது, அணைத்தேன், மறுபடி இலையைப் பார்த்தேன். எதுக்கு அடிச்சுது? — ஓடினேன். கீழ்ப்பாத்தியின் வரப்புவரை வெயில் வந்துவிட்டிருந்தது. தப்பித்தது. அலாரத்தால் அல்ல, அதிர்ஷ்டத்தால்.

ஜனவரி 14

பொங்கல். இந்த வருடம் அக்கா வீட்டிலிருந்து தூக்குவாளி வரவில்லை.

ஜனவரி 18, சனி

அந்த நிழலின் ஓரத்தைத் தினமும் பார்த்துவந்ததில் ஒன்று புரிகிறது. சூரியன் மலைமேல் ஏறியதும் வெயில் முதலில் விழுவது அக்காவின் தோட்டத்தில். எங்களுக்கு யூகலிப்டஸ் மறைப்பு, ஒரு உலை கொதித்து இறக்கும் நேரமாவது கழித்துத்தான் வரும். அவசரம் அவருக்கு. முதல் தண்ணீர் எங்களுக்கு. இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லையே. நானும்தான்.

செந்தில்வேலிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன், முறையை மாற்றினால் என்ன என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"முதல் முறைங்கிறது எங்கப்பா வாங்குனது. அத விட்டுக் குடுத்தா ஊருக்குள்ள எவன் மதிப்பான்? உனக்கு மறதின்னா நம்ம முறையவா குடுக்கணும்?"

ஆனால் மனம் விடவில்லை. அக்காவை முதலில் வைத்தால், நான் ஒருநாளும் மறக்காத வேலை அவருக்குப் போகும். மறக்கிற வேலை எங்கள் செடியோடு நிற்கும். கருகினால் என் வீட்டில் கருகட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

வானத்தில் மேகமே இல்லை. காலையில் பனி நிச்சயம். செந்தில்வேல் லோடு ஏற்றிக்கொண்டு மலை இறங்கிவிட்டார்.

வெள்ளனே எழுந்து அக்காவுக்குத்தான் முதலில் திறக்கப் போகிறேன். நாளைக்கு மட்டும் இல்லை, இந்தப் பனி முடியும்வரை. அவரிடம் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை.

தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷத்தில் எங்கள் வால்வையே திறந்துவிடுவேனோ என்று, பொழுது சாயும் முன்பே போய் அதன்மேல் சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.