எட்டு நோட்டும் அன்னாசி சோமாசியும்

4 அக்டோபர் 1976, திங்கள்

காலை மூடுபனி. பத்து மணிக்குத் தூறல். விறகு ஈரம், ஓவன் சூடேற ஒன்றரை மணி நேரம்.

பவுண்டு இன்று: பதினைந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. தேயிலை ஃபேக்டரி டீமேக்கர் ரேடியோவில் கேட்டுச் சொன்னது. பிப்ரவரியில் பதினெட்டு.

விவரம் எழுதி வைக்கிறேன். பிப்ரவரியில் எஸ்டேட்டின் பழைய மேனேஜர் துரையும் துரைசாணியும் சீமைக்குப் போனபோது துரைசாணி என் கையில் ஒரு கவர் கொடுத்தாள். ஐந்து பவுண்டு நோட்டு எட்டு. கூடவே அவள் கைப்பட எழுதிய அன்னாசி சோமாசி செய்முறை, ஒரே தாளில் இரண்டு பக்கமும். அவள் வேறு பெயர் சொல்வாள். தொழிலாளர் லயத்தில் எல்லாருக்கும் அது சுட்ட சோமாசி. "பேப்பர் பாரு முத்து, நல்லா பாரு" என்றாள், அழுதுகொண்டே. பத்தொன்பது வருஷமாகச் செய்கிறவனுக்குப் பேப்பர் எதற்கு? இருந்தாலும் அவள் கையெழுத்து. கண்ணாடிக் காகிதம் போட்டு குசினிச் சுவரில் மாட்டினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தவர்களை அதன் பக்கத்தில் விடுவதும் இல்லை. தொழில் என்னுடையது.

இந்த மாசத்தோடு பங்களா குக் வேலை முடிகிறது. புதுத் துரை சொந்தக் குக் கொண்டுவருகிறார். சித்திரபுரம் பஜார் பேக்கரிக்காரர் கடையை வாடகைக்கு விடுகிறார். போர்மாவும் சேர்த்து. ரொட்டி சுடுகிற செங்கல் போர்மா, ஒரே சூட்டில் நூறு சோமாசி சுடலாம். அட்வான்ஸ் ஐந்நூற்றைம்பது. 15ஆம் தேதி சாயங்காலத்துக்குள். தவறினால் கடைக்குக் காத்திருக்கும் அடிமாலிக்காரனுக்குப் போய்விடும். அப்புறம் நாற்பத்தாறு வயசில் நான் கவ்வாத்துக் கத்தி எடுத்துக்கொண்டு தேயிலை வெட்ட மலை ஏற வேண்டியதுதான்.

நாற்பது பவுண்டு. பதிமூன்றே முக்காலுக்குக் கீழே போனால் கடை இல்லை.

5, செவ்வாய்

மழை. புதுக் குக் வந்தாயிற்று. பழனிச்சாமி. வடகரப்பதிக்காரன், கோயம்புத்தூரில் ஏதோ கிளப்பில் இருந்தவன். முப்பது வயசு இருக்கும். வாயைத் திறந்தால் ஆயிரம் 'ங்க'. எட்டாவது வரை இங்கிலீஷ் படித்தானாம். அதை நான் கேட்கவே இல்லை.

சோமாசி கற்றுக்கொடுக்கும்படி புதுத் துரைசாணி உத்தரவு. கொடுத்தேன். மைதா, வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால் உதிர்க்கணும், பிசையக்கூடாது. அன்னாசியைச் சர்க்கரை, ஒரு கிராம்பு போட்டு வற்றவிட்டு ஆறவைக்கணும். பாதியாய் மடித்து முள்கரண்டியால் ஓரம் அழுத்தி, மேலே இரண்டு கீறல், பால் தடவி ஓவனுக்குள்.

தண்ணீர்? "வெதுவெதுன்னு ஊத்து" என்றேன். பச்சைப் பொய். ஊற்றுத் தண்ணீர், பல் கூசுகிற மாதிரி இருக்கணும். எனக்கு ஒன்றும் வெட்கமாக இல்லை.

7, வியாழன்

பவுண்டு இன்னும் இறங்கியது. டீமேக்கரிடம் இப்போதாவது மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். இறங்கினது ஏறத்தானே செய்யும், பொறு என்கிறார். ஏப்ரலில் இதையே சொன்னார். ஜூனிலும். பதினெட்டைப் பார்த்த கண்ணுக்குப் பதினேழு கசந்தது, பதினேழைப் பார்த்த பிறகு பதினாறு. தப்பு அவருடையது மட்டும் இல்லை. எனக்கு ஆசை.

டீக்கடையில் போடி ஏலக்காய்த் தரகர். ஒரு பவுண்டுக்குப் பதினேழு தருவாராம், பேப்பர் கீப்பர் வேண்டாமாம். திங்கள்கிழமை வரச் சொன்னார். அறுநூற்று எண்பது.

வீட்டுக்காரி செல்லத்திடம் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கக்கூட இல்லை. "ஜெயிலுக்குப் போனா சோறு நானா கொண்டாரணும்?"

8, வெள்ளி

பழனிச்சாமி சுட்ட சோமாசி ஓடு மாதிரி. புதுத் துரைசாணி ஒரு கடி கடித்துத் தட்டைத் தள்ளிவிட்டாளாம். அவனுக்கு நல்ல டோஸ். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மத்தியானம் சோறு மட்டும் இறங்கவில்லை.

வாங்க: கிராம்பு, தீப்பெட்டி, செல்லத்துக்குத் தைலம்.

9, சனி

ஊற்றுக்குப் போய்த் திரும்பினால், சுவரில் பேப்பர் இல்லை. பழனிச்சாமி மேஜைமேல் வைத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். இரண்டு பக்கமும் முடித்துவிட்டான். "பின்பக்கத்துல" என்று ஏதோ சொல்ல வந்தான். வாயை மூடச் சொன்னேன். பேப்பரைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். கண்ணாடிக் காகிதம் சுருங்கி நாறியது.

அவன் குனிந்து சாம்பல் அள்ளினான்.

11, திங்கள்

இடி. கரண்ட் இல்லை. டீக்கடைக்குப் போனேன், தரகர் இல்லை. நேற்றுப் பூப்பாறையில் ஜீப்போடு பிடித்துவிட்டார்களாம். எமர்ஜென்சி காலம், பிடித்தால் எப்போது விடுவார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. அவரிடம் பேசினவர்கள் யார் யார் என்று விசாரணையாம். டீ பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நோட்டுகளை மாவு டின்னிலிருந்து எடுத்து அரிசிக்குள். அப்புறம் தலையணைக்குள். அப்புறம் மறுபடி மாவு டின். நாளைக்குப் பாங்க், வேறு வழி இல்லை.

12, செவ்வாய்

மூணாறு பாங்க். காலை பஸ்ஸில் நின்றுகொண்டே. கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பதினாலே கால் வருமாம். ஐந்நூற்றெழுபது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் கேட்டார், இது உங்களுக்கு எப்படி வந்தது, கொடுத்தவர்கள் எழுதிக்கொடுத்த பேப்பர் ஏதாவது உண்டா, இல்லையென்றால் உங்கள் மேனேஜரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்.

பேப்பர்.

பேப்பர் பாரு முத்து, நல்லா பாரு.

கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். செய்முறை ஒரு பக்கத்துக்குமேல் வராது. அது எனக்குத் தெரியும். பின்பக்கம் என்ன இருந்தது என்று எட்டு மாசமாக நான் கேட்கவே இல்லை. அது சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

13, புதன்

வெயில். செல்லம் திட்டி முடித்துவிட்டு, போய்க் கேள் என்றாள். பழனிச்சாமியிடமா? அவனிடம்தான் என்றாள்.

குசினியில் அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்தான். முதலில் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். வெதுவெதுப்பு இல்லை, பல் கூசணும், பொய் சொன்னேன், தப்பு.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அது சனிக்கெளமயே தெரியுமுங்ணா. மொதப் பக்கத்துலயே எழுதியிருந்துச்சுங்க."

தெரிந்தும் அவன் துரைசாணியிடம் சொல்லவில்லை.

பின்பக்கம் பற்றிக் கேட்டேன். "அன்னிக்கே சொல்ல வந்தனுங்க. நீங்க பேச வுட்டாத்தானுங்களே" என்று நோட்டை எடுத்து நிறுத்தி நிறுத்திப் படித்துத் தமிழில் சொன்னான். கேட்டுவிட்டு வெளியே போய் விறகுக் கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றேன். அதை இன்று எழுதக் கை வரவில்லை.

14, வியாழன்

பழனிச்சாமி நோட்டைப் புதுத் துரையிடம் கொண்டுபோய்க் காட்டினான். இருப்பது காப்பிதான், அசலை முத்துவே எரித்துவிட்டார் என்று அவன் சொன்னதற்குத் துரை சிரித்தாராம். என்னைக் கூப்பிட்டு நாலு கேள்வி. ஆப்பீஸில் டைப் அடித்து, முத்திரை வைத்துப் பாங்குக்குக் கடிதம். மணி நாலு, பாங்க் மூடியாயிற்று. நாளை ஒரே நாள்.

பவுண்டு: டீமேக்கரிடம் கேட்கவில்லை. அவராகச் சொல்ல வந்தார். காதைப் பொத்திக்கொண்டேன்.

15, வெள்ளி

பள்ளிவாசல் பக்கம் மண் சரிவு. பஸ் நின்றுவிட்டது. நானும் நாலு பேரும் சேற்றில் இறங்கி நடந்தோம், அந்தப் பக்கம் லாரி பிடித்தோம். பாங்க் கதவை இழுத்து மூட இன்னும் பத்து நிமிஷம். பதினாலு. ஐந்நூற்றறுபது. எண்ணும்போது சேற்று விரலில் நோட்டு ஒட்டிக்கொண்டது.

ஐந்தே முக்காலுக்கு பஜார். பேக்கரிக்காரர் பூட்டும் சாவியுமாகப் படியில் நிற்கிறார், அடிமாலிக்காரன் பக்கத்தில். அட்வான்ஸைக் கையில் வைத்தேன். மீதி பத்து ரூபாய். தட்டுக்கும் மைதாவுக்கும் காணாது. பிப்ரவரியில் மாற்றியிருந்தால் எழுநூற்றிருபது, எல்லாம் வாங்கியிருப்பேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். மைதா கடன் சொல்லணும்.

போர்மாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பழைய சாம்பல் வாசனை. அழுகை வந்தது, நன்றாக அழுதேன்.

பழனிச்சாமியை வரச் சொல்லி, பின்பக்கத்தை இந்த டைரியில் தமிழில் எழுதச் சொன்னேன். கீழே இருப்பது அவன் கை.

முத்துவுக்கு, இந்த நாற்பது பவுண்டு நாங்கள் உனக்குத் தரும் பரிசு. உனக்கென்று ஒரு அடுப்பு வை. பாங்கில் கேட்டால் இந்தப் பேப்பரைக் காட்டு. இந்த வாரமே மாற்றிவிடு. எங்கள் ஊர்ப் பணம் இறங்கிக்கொண்டே போகிறது. ஏறும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. உனக்கு இங்கிலீஷ் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்.