கௌசலா துண்டு கொண்டுபோகவில்லை

வெள்ளவத்தை
14.03.1998

என் செல்ல மகள் கௌசலாவுக்கு,

நாங்கள் சுகம், இன்றைக்கு வழக்கத்தைவிட நல்ல சுகம். லண்டன் குளிரில் உன்னையும் வைரவர் சுகமாக வைத்திருக்கட்டும்.

பரீட்சை மண்டபத்துக்குள் துண்டுக் கடதாசி கொண்டுபோய்ப் பார்த்து எழுதினாய் என்று உன்னை விசாரணைக்குக் கூப்பிட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, படிப்பு போனால் விசா போகும், பிறகு நீயும் இந்தச் செக்பொயின்றுக்கும் ரவுண்டப்புக்கும் நடுவில்தான் வந்து நிற்கவேண்டும். நேற்று ஹாஷிமின் கொமினிகேஷன் கடையில் போனை எடுக்க, “அம்மா, பிழையில்லை என்று என்னை விட்டிட்டினம்” என்று உன் குரல் கேட்டதுதான் தாமதம், நான் போட்ட சத்தத்தில் வீட்டில் ஏதோ நடந்துவிட்டதாக்கும் என்று ஹாஷிம் சோடாவோடு ஓடிவந்தார். வரும் வழியில் ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்க, என் மகள் கொப்பி அடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஷோக் அம்மே, அருமை அம்மா என்று சிரித்துவிட்டுத் திரும்பவும் அட்டையைக் கேட்டான்!

துண்டு பார்க்கவில்லை என்று காட்ட, பேராசிரியர்மாருக்கு முன்னால் புத்தகத்தில் இரண்டு பக்கத்தை நீ ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்ததை அப்பா ஃபிளற் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பாடமாக்கி எழுதினால் அது எப்படிக் கொப்பி என்று மேல்வீட்டு டோரினும் கேட்கிறா. இங்கே எல்லாப் பிள்ளைகளும் ரியூசன் நோட்ஸைப் பாடமாக்கித்தானே ஏ எடுக்கிறதுகள். ஆனால் பிள்ளை, அங்கே அது சரிவராதாம் என்றால் கேட்டு நட, எடுத்தது யாருடைய வசனமோ அவருடைய பெயரை எழுதிவிடு. விரிவுரையாளர் வர நீ மட்டும் எழும்பி நிற்கிறாய், மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்றாயே, சிரிக்கட்டும், அவருக்கும் அது சந்தோஷமாய்த்தான் இருக்கும்.

ஒன்றுதான் மனதில் கிடக்கிறது. ஒப்புவித்து முடிய, சரி, இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்களாம், உனக்குச் சொந்தமாக ஒரு வசனமும் வரவில்லையாம். இன்று காலை உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வாசித்தேன். நான் நலம், தங்கள் நலமறிய ஆவல், படிப்பு நன்றாகப் போகிறது. எல்லாம் ஒரே கடிதம், எட்டாம் வகுப்பில் பாடமாக்கினாயே, அதே கடிதம்! விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. அறையில் யாரோடு இருக்கிறாய், என்ன சமைக்கிறாய், விசாரணைக்கு முதல்நாள் அழுதாயா, எனக்கு ஒன்றும் தெரியாது மகள்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, வைரவருக்கு வடைமாலை, இரண்டு பேரும் உன்னைக் காப்பார்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அடுத்த கடிதத்தை மட்டும் பாடமாக்காமல் எழுது, பிழை இருந்தால் இருக்கட்டும், நான் புள்ளி குறைக்கமாட்டேன்.

உன்னையே வாசிக்க ஆசைப்படும்
அம்மா