ஐந்தருவியில் எனக்கும் விசில் ஊத வேண்டி

அனுப்புநர்:
ஆன்ட்ரஸ் காஸ்க்,
த/பெ யூரி காஸ்க்,
(செல்லத்துரை அண்ணாச்சி வீட்டு மருமகன்),
சர்ச் தெரு, இலத்தூர்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆய்வாளர் அவர்கள்,
பருவகால அருவிக் காவல் முகாம்,
ஐந்தருவி, குற்றாலம்.

பொருள்: ஐந்தருவியில் குளிக்கும் பொதுமக்கள் அனைவருக்கும் விசில் ஊதப்படும் நிலையில் எனக்கு மட்டும் ஊதப்படாமை – அதனால் குடும்பத்தில் எழுந்துள்ள நெருக்கடி – இனி என்னையும் பாகுபாடின்றி விரட்டக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 20.07.2025 ஞாயிறு மாலை நிகழ்வு.
2. அன்று வீடு திரும்பும் வழியில் என் மனைவி கேட்ட கேள்வி.

மதிப்பிற்குரிய ஐயா,

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று இவ்வூரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே அழுகிறேன். சீசன் நேரத்தில் தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்பதை அறிந்தும், வேறு வழியின்றி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

1. நான் எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு நகரத்தில் பிறந்தவன். அங்கு படிக்க வந்த இலத்தூர் பெர்சிஸை மணந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கு குடிவந்தேன். மாமனார் வீட்டு மாடியில் இருந்துகொண்டு என் பழைய அலுவலக வேலையையே கணினி வழியாகப் பார்த்து வருகிறேன். என் மீது வழக்கு ஏதும் இல்லை. கெட்ட பழக்கம் என்று பார்த்தால், சாம்பார் சோற்றில் தயிரையும் ஊற்றிப் பிசைவேன். அதைக் கண்டு வீட்டில் யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இம்மனுவின் சாரமே அதுதான்.

2. இம்மனுவின் தமிழைக் கண்டு, யாரோ எழுதிக் கொடுத்தது என்று தாங்கள் ஐயுறக் கூடாது. வந்த புதிதில் சமையல் எரிவாயு இணைப்பு சம்பந்தமாக, தாலுகா அலுவலகத்துக்கு எதிரே கணினியில் மனு அடித்துத் தரும் திருமதி லோகநாயகி அவர்களை அணுகினேன். அன்னார் அடித்துத் தந்த மனுவில் ஒவ்வொரு வாக்கியமும் முந்தியடிக்காமல் வரிசையில் நின்றது. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தது போல இருந்தது. எனக்கும் இதைக் கற்றுத் தருமாறு வேண்டினேன். "பேசச் சொல்லித்தரதுல்லாம் எனக்கு வராது சார். மனுன்னா சொல்லித்தாரேன்" என்றார். அதன் விளைவாக, பிறர் பேசுவதெல்லாம் எனக்குப் புரிகிறது. நான் வாயைத் திறந்தால் மட்டும் மனுவாக வருகிறது.

காய்கறிக் கடை ரெங்கம்மாள் அவர்களிடம் முதன்முதலாக, அரைக்கிலோ கத்தரிக்காய் வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டபோது, அவர் ஸ்டூலை விட்டு எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சார் எந்த ஆபீஸு? தராசுக்கு முத்திர போன மாசந்தான் வச்சோம்" என்றார். கத்தரிக்காய் முக்கால் கிலோ வந்தது. இன்று வரை அங்கு எனக்கு அரைக்கிலோ என்பது முக்கால் கிலோவாகவே உள்ளது.

3. இவ்வாறாக, வந்த நாள் தொட்டு என்னை யாரும் திட்டுவதில்லை. டீக்கடையில் மற்றவர்களின் தம்ளரை ஒரு முறை கழுவுகிறார்கள், என்னுடையதை வெந்நீரில் இரு முறை கழுவுகிறார்கள். புளியறை செல்லும் பேருந்தில் நடத்துநர் எனக்காக ஒரு கல்லூரி மாணவரை எழுப்பிவிட்டார். நான் மறுத்தேன். மாணவரும் உட்கார மறுத்தார். அந்த இருக்கை புளியறை வரை காலியாகவே சென்றது, நாங்கள் இருவரும் அதன் இருபுறமும் நின்று சென்றோம். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது என் ஸ்டம்பு பறந்தால் அது நோபால். செல்போன் கடை ஒன்றுக்கு ரிப்பன் வெட்டியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் முதல் பந்தி முடிந்ததும் என்னை மேடைக்குக் கூட்டிச் செல்கிறார்கள். எனக்கு முன்பின் தெரியாத பல தம்பதிகளின் ஆல்பத்தில் நான் நடுவில் நிற்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு, எனக்கு மட்டும் பீங்கான் தட்டும் ஒரு ஸ்பூனும். நான் கையால்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் அந்த ஸ்பூன் தினமும் கழுவி வைக்கப்படுகிறது.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பது இவ்வூர்ப் பழமொழி. எனக்கு இரண்டு ஆண்டுகளாக விருந்து நடைபெற்று வருகிறது.

4. என் மச்சான் திரு. ஜெஸ்வின் அவர்களைப் பற்றி இங்கு குறிப்பிட வேண்டியுள்ளது. பெர்சிஸின் அண்ணன். தங்கமான மனிதர். வாய்க்கு வாய் 'லே' போட்டுப் பேசுவார். நண்பர்களை லே என்பார், ஆட்டோக்காரரை லே என்பார். சென்ற மாதம் பாதிச் சமையலில் தீர்ந்துபோன எரிவாயு சிலிண்டரைப் பார்த்து, "ஏலே, இன்னைக்குத்தானாலே ஒனக்குத் தீரணும்?" என்று கேட்டார். என்னை மட்டும் 'ப்ரோ' என்று அழைக்கிறார். காலி சிலிண்டருக்குக் கிடைக்கும் உரிமை எனக்கு இவ்வீட்டில் இல்லை.

5. இனி பார்வை 1இல் கண்ட நிகழ்வுக்கு வருகிறேன். மேற்படி ஞாயிறன்று குடும்பத்துடன் ஐந்தருவிக்குச் சென்றோம். கூட்டம் மிகுதியாக இருந்ததால், கொஞ்சம் பேரை உள்ளே விட்டு, சிறிது நேரம் குளித்ததும் விசில் ஊதி வெளியேற்றி, அடுத்த அணியை விடும் பணியைக் காவலர் திரு. பலவேசம் செய்துகொண்டிருந்தார். அருமையான ஏற்பாடு. நானும் ஜெஸ்வினும் வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும் உள்ளே போனோம். உரிய நேரத்தில் விசில் ஒலித்தது.

"போதும்லே, வெளிய வாங்கலே! பின்னால நிக்கவனும் மனுசந்தாம்லே! ஏலே செவப்புத் துண்டு, ஒன்னத்தாம்லே! ஒங்க அப்பன் கட்டிவிட்ட அருவியாலே இது?" என்று காவலர் முழங்கினார். சிவப்புத் துண்டு என்றது ஜெஸ்வினை. ஜெஸ்வின் சிரித்துக்கொண்டே வெளியேறினார். நானும் அவர் பின்னாலேயே புறப்பட்டேன். காவலர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க எதுக்கு வாரிய? நல்லா குளிங்க சார். டேக் யுவர் டைம்" என்று கூறி, என்னைத் திருப்பி அருவிக்கடியில் கொண்டுபோய் நிறுத்தினார். என் மேல் யாரும் இடித்துவிடாதபடி அந்தக் கிளை முழுவதையும் எனக்கு ஒதுக்கினார். ஆகவே அன்று மாலை ஐந்தருவி, பொதுமக்களைப் பொறுத்தவரை, நான்கருவியாகவே இருந்தது.

நான் இரு முறை வெளியேற முயன்றேன். இரு முறையும் அன்போடு திருப்பி அனுப்பப்பட்டேன். அடுத்தடுத்து மூன்று அணிகள் வந்து குளித்து வசவு வாங்கிச் சென்றன. பனிநாட்டில் பிறந்த எனக்கே பற்கள் கிட்டத் தொடங்கின. வரிசையில் நின்ற ஒருவர், "அவரு எவ்ளோ நேரமா நிக்காரு, அவருக்கு ஊதமாட்டியளோ?" என்று நியாயமாகக் கேட்டார். அதற்குக் காவலர், "அவரு கெஸ்ட்டுலா" என்றார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்கள்.

ஐயா, திட்டினால் வலிக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல்தான் வலித்தது.

6. அதே நாளில், அருவிக்கு வெளியே நான் வாங்கிய வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கியது, கொடுக்கத் தயங்கியபோது பல்லைக் காட்டி உறுமியது. பக்கத்தில் நின்ற மதுரைக்காரரிடமும் அது அவ்வாறே நடந்துகொண்டது. குற்றாலத்தில் என்னிடம் பாகுபாடு காட்டாதவை குரங்குகள் மட்டுமே என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

7. இதெல்லாம் ஒரு குறையா என்று தாங்கள் கேட்கலாம். திருமதி லோகநாயகி அவர்களும், "திட்டலன்னு ஒரு மனுவா? நான் கேள்விப்பட்டதே இல்லயே சார்" என்றார். ஆகவே என் மனைவி எங்கள் ஊரில் குடியேறிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூற அனுமதிக்க வேண்டுகிறேன்.

பெர்சிஸ் டார்ட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, குப்பையைத் தவறான தொட்டியில் போட்டதற்காகக் கீழ்வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கினார். ஒரு வண்டியும் வராத சாலையைச் சிவப்பு விளக்கில் கடந்ததற்காக எதிர்ச்சாரியில் நின்றவரிடம் வாங்கினார். பனி கொட்டும் நாளில் தொப்பி போடாமல் பேருந்துக்கு நின்றதற்காக, முன்பின் அறியாத ஓர் அம்மையார் அவரைப் பிடித்து உலுக்கி, காது இரண்டும் உதிர்ந்துவிடும் என்று வைதிருக்கிறார். அன்று பெர்சிஸ் அழுதார். மறுநாள் தொப்பி வாங்கினார். அடுத்த மாதம் அதே நிறுத்தத்தில், தொப்பியில்லாமல் நின்ற வேறொரு பெண்ணை அவரே பிடித்து வைதார். அந்தப் பெண் எஸ்தோனியாவில் பிறந்தவள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். அன்றோடு பெர்சிஸ் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எனக்கு இங்கு அணைக்கும் கை மட்டுமே காட்டப்படுகிறது. தன் வீட்டு ஆளை யாரும் இத்தனை மரியாதையாக நடத்துவதில்லை.

8. பார்வை 2: பெர்சிஸ் முன்பு பணிபுரிந்த டார்ட்டு ஆய்வுக்கூடத்தில் அவரை மீண்டும் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். இம்மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அருவியிலிருந்து திரும்பும்போது, நான் துண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த நிலையில், அவர் கேட்டார்: "நான் இங்கன பொறந்தவ. எங்க போனாலும் பொழச்சிக்கிடுவேன். நீங்க இருக்கணும்லா? ஒங்களுக்கு இங்கன ஒட்டுதா, இல்ல எனக்காவ சும்மா இருக்கியளா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு ஒட்டுகிறது, ஐயா. காலையில் மாடிக் கதவைத் திறந்ததும் சாரல் முகத்தில் அடிக்கும்போது, எனக்கு வேறெங்கும் போகத் தோன்றுவதில்லை. ஆனால் நான் ஒட்டினால் மட்டும் போதாது, ஊரும் ஒட்டவிட வேண்டும். ஆகவே மாத இறுதிக்குள் இம்மாவட்டத்தில் யாராவது ஒருவர் என்னை மனதார ஒரு முறை வைதுவிட்டால், இங்கேயே இருப்போம் என்று பெர்சிஸிடம் சொல்லிவிட்டேன். "பாவம், ஒங்கள யாரு வைவா?" என்றார். இன்று வரை அவர் சொன்னதே சரியாக உள்ளது. வேண்டுமென்று தப்புச் செய்து பார்த்தேன். சர்ச்சில் நடந்த அறுவடைப் பண்டிகை ஏலத்தில் பாஸ்டர் ஜெபஸ்டின் அவர்கள் பேசும்போதே குறுக்கிட்டுப் பேசினேன். கைதட்டினார்கள்.

9. இம்மனு காவலர் திரு. பலவேசம் அவர்களுக்குத் தண்டனை கோரி எழுதப்பட்டது அல்ல. அன்னார் கடமையுணர்வும், கணீரென்ற குரலும், நல்ல சொல்வளமும் வாய்ந்தவர். அந்த வளத்தில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஆகவே, வரும் வியாழன் மாலைக்குள் நான் ஐந்தருவிக்கு வரும்போது, மற்றவர்களுக்கு ஊதும் அதே நேரத்தில் அதே அழுத்தத்துடன் எனக்கும் விசில் ஊதவும், தேவைப்படின் என் துண்டின் நிறத்தைச் சொல்லி அழைக்கவும் – அது பச்சை நிறம் – மேற்படி காவலருக்கு அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். என் தகப்பனாரைப் பற்றிக் குறிப்பிட நேர்ந்தாலும் ஆட்சேபணை இல்லை. அன்னாரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்றுவிட்டேன்.

நாள்: 28.07.2025
இடம்: இலத்தூர்

தங்கள் விசிலுக்குக் காத்திருக்கும்,
ஆன்ட்ரஸ் காஸ்க்

பின்குறிப்பு (முகாம் வாசலில் கையால் எழுதியது):

ஐயா, மேற்கண்ட மனுவைக் கொடுக்க இன்று காலை ஐந்தருவிக்கு வந்தேன். சாரல் பலமாக இருந்ததால் மழைக்கோட்டும் தலைக்கவசமும் அணிந்திருந்தேன். ஸ்கூட்டரை முகாமுக்கு முன்னால் நிறுத்தினேன். பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில். அதையடுத்து, "ஏலே! தலக்கவசம்! ஒன்னத்தாம்லே! ஐயா ஜீப்பு நிக்க எடத்துலயாலே வண்டிய விடுத? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? எடுலே அங்கன!" என்று காவலர் திரு. பலவேசம் அவர்களின் குரல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வண்டியை எடுத்து மரத்தடியில் விட்டேன். அங்கிருந்தே பெர்சிஸைப் போனில் அழைத்து, விசில் ஊதினார்கள், லே போட்டு வைதார்கள் என்று சொன்னேன். அவர், "சரி, அப்போ வரலன்னு மெயில் போட்டுருதேன்" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பின்னால் ஜெஸ்வின், "யாருலே வஞ்சா?" என்று சத்தம் போட்டுக் கேட்டது காதில் விழுந்தது. அது என்னைக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

அதன் பின், காவலருக்கு நன்றி சொல்ல வேண்டித் தலைக்கவசத்தைக் கழற்றினேன். கழற்றியிருக்கக் கூடாது. காவலர் பதறிப்போனார். "ஐயையோ, நீங்களா சார்? சாரி சார், வெரி சாரி" என்று பல முறை மன்னிப்புக் கேட்டதோடு, என் கையிலிருந்த சாவியை வாங்கி, ஸ்கூட்டரைத் தாமே தள்ளிக்கொண்டு வந்து, தங்கள் ஜீப் நிற்கும் இடத்திலேயே மீண்டும் நிறுத்திவிட்டார். மழை படாமல் அதற்கு ஒரு தார்ப்பாயும் போர்த்தினார்.

இந்த மன்னிப்பைப் பற்றி நான் பெர்சிஸிடம் சொல்லவில்லை. மெயில் இந்நேரம் போயிருக்கும். ஆகவே மனுவில் கேட்ட மற்ற அனைத்தையும் கைவிடுகிறேன். காவலர் கேட்ட மன்னிப்பை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ள ஆணையிடுமாறு மட்டும் வேண்டுகிறேன். அன்னார் மறுத்தால் என்னை வையும் பொறுப்பைத் தாங்களே ஏற்கலாம். தங்கள் ஜீப் மேட்டில் ஏறி வரும் சத்தம் கேட்கிறது. அதை நிறுத்த இங்கு இடமில்லை. நான் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே, தலைக்கவசம் இல்லாமல், நின்றுகொண்டிருக்கிறேன்.

ஆ. காஸ்க்