பெரியவள் சொல்லிக்கொடுத்த எண்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தண்ணீர். சின்னவள் ஜக்கைத் தூக்கி டம்ளருக்கு இரண்டு விரல் தள்ளி ஊற்றுகிறாள். மேசை முழுக்க வெள்ளம். டம்ளரைப் பார்த்துக்கொண்டேதான் ஊற்றுகிறாள்! "கண்ண பிடரியிலயா வச்சிருக்க?" என்று கத்தினேன். அவள் வாயைத் திறக்குமுன் பெரியவள் துணியோடு வந்து துடைத்தும் முடித்துவிட்டாள். எட்டு வயதில் அவளுக்கு எவ்வளவு பொறுப்பு, ஐந்து வயதில் இவளுக்கு எவ்வளவு திமிர்!

இவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பிள்ளை வளர்ப்பிலும் அதே பாஷைதான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எங்கயோ ஒரு வயர் லூசு" என்றார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 5, வியாழன்

பெரியவளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. அக்கா இல்லாமல் போகமாட்டேன் என்று சின்னவள் வாசல் கம்பியைக் கட்டிக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்தெடுத்து இழுத்துப் போனேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

கிளம்பும்போது பெரியவள் போர்வைக்குள்ளிருந்து, "அம்மா, ஸ்கூல் படி ஒம்பதுன்னு அவகிட்ட சொல்லிடு. கடைசிப் படி உயரம் கம்மி" என்றாள். ஜுர வேகத்தில் உளறுகிறாள் பாவம்.

மார்ச் 6, வெள்ளி

சின்னவள் பள்ளிப் படியில் விழுந்துவிட்டாள். இரண்டு முழங்காலும் தோலுரிந்து கிடக்கிறது.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா இல்லாட்டி இவ ஆளே வேற. பந்து போட்டா பிடிக்க மாட்டேங்கிறா, மூஞ்சில வாங்கிக்கிறா. கண்ணு செக் பண்ணீங்களா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வேலை பாக்குறதே கண்ணாடிக் கடையிலதான் டீச்சர். வர்றவங்களுக்குப் பவர் பாக்குறதே நான்தான்."

பொய்யில்லையே. போன வருஷம் இருவரையும் கடைக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து நானே பார்த்தேன். முதலில் பெரியவள், அப்புறம் சின்னவள். ஒவ்வொரு கண்ணாக மூடி எண் பலகையைப் படிக்கச் சொன்னேன். சின்னவளும் இரண்டு கண்ணிலும் கடைசி வரி வரை கடகடவென்று சொன்னாள்.

கண் இல்லையென்றால் வேறென்ன? பிடிவாதமா? காய்ச்சல்காரியை எல்லோரும் தாங்குகிறோம் என்ற பொறாமையா? தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

மார்ச் 7, சனி

பெரியவளைத் திட்டிவிட்டேன். "நீ அவள தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறதாலதான் இப்படிக் கெட்டுக் குட்டிச்சுவரா போறா." காய்ச்சல் விட்ட பிள்ளையை இப்படித் திட்டுவது தப்பு என்று திட்டும்போதே தெரிந்தது. வாய் நின்றால்தானே.

மார்ச் 11, புதன்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

பள்ளி அரை நாள். பெரியவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சின்னவளை மட்டும் கடைக்குக் கூட்டிவந்தேன். மதியம் ஆள் நடமாட்டம் இல்லை. டீச்சர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால் அவளை நாற்காலியில் ஏற்றி, இடது கண்ணை மூடி, படி என்றேன்.

"ஏழு. நாலு ரெண்டு. ஆறு அஞ்சு மூணு. ஒம்பது ரெண்டு எட்டு நாலு…"

மூச்சு விடாமல், பாட்டு மாதிரி, கடைசி வரி வரை சொன்னாள். அதில் ஒரு வரிகூடப் பலகையில் இல்லை.

பழைய பலகை மங்கிப்போனதென்று முதலாளி போன மாதம்தான் புதிது மாட்டினார். இவள் சொன்னது அத்தனையும் பழைய பலகை. ஆறு வருஷம் அதன் முன்னால் நின்றவள் நான், எனக்கும் மனப்பாடம்.

வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்க்கச் சொன்னேன். முதல் எண்ணிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, போர்ட மாத்திட்டீங்களா?"

மறுபடி இடது கண்ணை மூடி, முகத்துக்கு நேராக விரல்களை நீட்டினேன். எத்தனை? மூன்று என்றாள். ஒரு அடி பின்னால் போய் மறுபடி கேட்டேன். அஞ்சு என்றாள். நீட்டியிருந்தது இரண்டு.

எப்படி? எப்படி இத்தனை நாள் எனக்குத் தெரியாம போச்சு? ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பார்க்கிறேனே — எம்புள்ளைக்கு?

"யாருடி சொல்லிக்கொடுத்தா?" என்றேன். "யாரும் இல்ல." பொய் சொல்லும்போது கழுத்தைச் சொறிவாள். சொறிந்தாள்.

மார்ச் 12, வியாழன்

பெரியவளைக் கேட்டேன். திட்டாமல்தான் கேட்டேன், சத்தியமாக. அப்படியும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கண்ணைப் பொத்தி விளையாடும்போது தெரிந்ததாம். இடது கண்ணைப் பொத்தினால், "அக்கா, உன் மூஞ்சி அழிஞ்சு போச்சு" என்றாளாம் சின்னவள். போன வருஷம் கடையில் நான் குனிந்து சீட்டு எழுதுகிற நேரம் பார்த்து இவள்தான் எண்களைத் தங்கை காதில் சொல்லியிருக்கிறாள். வருஷா வருஷம் பார்ப்பேன் என்று நான் சொன்னதால் அப்புறம் வீட்டில் உட்காரவைத்து மனப்பாடமும் செய்யவைத்திருக்கிறாள். படி எண்ணுவது, தண்ணீர் ஊற்றித் தருவது, பந்து வரும்போது முன்னால் போய் நிற்பது, எல்லாம் இவள்தான்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதான சொன்ன, அவ விழுந்தா உன்னத்தான் கேப்பேன்னு. நான் விழாமதான பாத்துக்கிட்டேன்? காய்ச்சல் வந்தப்பதான் விழுந்தா."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். தினமும்தான் சொல்கிறேன்.

மார்ச் 14, சனி

கண் டாக்டரிடம் போனோம். இடது கண் நன்றாக இருப்பதால் வெளியே தெரியவில்லையாம். வலது கண்ணில் பவர் ரொம்ப அதிகம். கலங்கலாகவே தெரிந்ததால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவைத்துவிட்டது. "சும்மா விட்டா அந்தக் கண்ணு பேருக்குத்தான் இருக்கும். ஏழு வயசுக்குள்ள வேலை வாங்கிட்டா நல்லது" என்றார்.

கண்ணாடி போட வேண்டும். அதோடு தினமும் நான்கு மணி நேரம் நல்ல கண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும், மோசமான கண்ணே கஷ்டப்பட்டுப் பார்க்க வேண்டும். இதே பாடத்தைக் கடையில் எத்தனை அம்மாக்களுக்கு ஒப்பித்திருக்கிறேன். இன்று ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. இவர்தான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

ஃபிரேமை நானே வளைத்துப் பொருத்தினேன். மூன்று தடவை கழற்றி மாட்டினேன். தினமும் செய்கிற என் வேலையா இது?

ஏப்ரல் 25, சனி

ஆறு வாரம். ஒரு வரிகூட நகரவில்லை.

"தினமும் ஒட்டுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு நாள் விடல டாக்டர்." அவரும் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நம்பவில்லையோ? நான்கு மணி முதல் எட்டு மணி வரை ஒட்டியே இருக்கிறது, பிள்ளை முகம் சிவந்துகிடக்கிறது. பின்னே ஏன்? நேரம் தாண்டிவிட்டதா? நான் கவனிக்காத ஒரு வருஷம் போய்விட்டதே, அதுதானா?

ஏப்ரல் 28, செவ்வாய்

வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சின்னவள் கண்ணில் ஒட்டு, மடியில் படப்புத்தகம். பெரியவள் காதோடு வாய் வைத்து வரி வரியாகச் சொல்கிறாள், சின்னவள் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறாள். வண்ணம் தீட்டும்போது மணிக்கட்டைப் பிடித்து ஓட்டுகிறாள். அந்தக் கண் ஆறு வாரமாக ஒரு வேலையும் செய்யவில்லை.

"அவ அழுறாம்மா. ஒண்ணுமே தெரியலக்கான்னு அழுறா."

இதற்கு யாரை அடிப்பது? எது தப்பு என்றே எனக்கு விளங்கவில்லை. பாசமா தப்பு? அந்தப் பாசத்துக்கு மிரட்டி வேலை கொடுத்தவளே நான்தானே. வாசலில் செருப்புகூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

புதுச் சட்டம்: ஒட்டு போட்டிருக்கும் நேரத்தில் அக்கா பக்கத்தில் இருக்கக் கூடாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அழுகிறாள், இந்தப் பக்கம் ஒருத்தி அழுகிறாள். நடுவில் நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதற்குப் பெயர் அம்மாவா, ஜெயிலரா?

மே 3, ஞாயிறு

இவர் பெரியவளை வேலைக்குக் கூட்டிப்போனார், லிஃப்ட் மேலே மோட்டார் அறையைக் காட்ட. நல்ல யோசனை என்று நினைத்தேன். போய்விட்டு வந்ததும் ஓடிவந்து, "எத்தன தடவ அழுதா?" என்றாள்.

மே 17, ஞாயிறு

சின்னவள் தனியாக உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்தாள். நாற்பதில் முப்பத்தொன்று சரி. எரிச்சலில் டப்பாவை என் மேலேயே வீசினாள். வீசட்டும்.

பெரியவளைப் பற்றித்தான் கவலை. சும்மா நிற்கிறாள், கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி. இன்று கேட்டாள், "அம்மா, அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்டி தங்கம். போய் விளையாடு."

"யார் கூட?"

இந்த ஒரு வருஷத்தில் அவள் தனக்கென்று விளையாடி நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

மே 18, திங்கள்

சாயங்காலம் பெரியவளோடு நான் விளையாடினேன். பல்லாங்குழியும் தெரியவில்லை, பாண்டியும் தெரியவில்லை எனக்கு, எல்லாம் மறந்துபோச்சு. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தோற்றதும் சிரித்தாள்.

ஜூன் 9, செவ்வாய்

எதிர்வீட்டுப் பெண் பெரியவளை சைக்கிள் ஓட்டக் கூப்பிட்டாள். இவள் தங்கை அறையை ஒரு தடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனாள். பத்தே நிமிஷத்தில் திரும்பிவிட்டாள். பத்து நிமிஷம்!

ஜூலை 4, சனி

மறுபடி டாக்டர். நால்வரும் போனோம். சின்னவளின் இடது கண்ணை மூடி, பலகையில் விளக்கைப் போட்டார். பெரியவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் முதல் வரி சொன்னாள். இரண்டாவது சொன்னாள். மூன்றாவதுக்குக் கழுத்தை நீட்டி, மூக்கைச் சுளித்து, நேரம் எடுத்துச் சொன்னாள். நான்காவதில் முதல் எண் எட்டு.

"மூணு" என்றாள்.

பெரியவள் நாற்காலியை விட்டு அரை அடி எழுந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, வாயிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. சின்னவள் யார் முகத்தையும் பார்க்காமல் பலகையையே பார்த்து, "மூணுதான்" என்றாள் அழுத்தி.

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். "தப்புதான். ஆனா எட்ட மூணுன்னு சொல்றான்னா, அங்க இருக்கிறத அவளே பாக்குறான்னு அர்த்தம். விடாம ஒட்டுங்க." ஒரு தப்பான எண்ணுக்கு நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இவர் என் தோளைத் தட்டிக்கொண்டே அந்த எட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பெரியவள் ஓட ஆரம்பித்தாள். நடைபாதையில் கட்டம் விட்டுக் கட்டம் தாவி, என்னவோ தனக்குத்தானே பாடிக்கொண்டு, நான்கு கடை தாண்டிப் போய்விட்டாள். தங்கையின் கையைப் பிடிக்க மறந்தே போனாள்.

"தங்கச்சிய விட்டுட்டு எங்கடி ஓடுற" என்பது நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். சின்னவள் என் கையை உதறிவிட்டு, "நில்லுடி அக்கா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.