அக்கரைக் குப்பத்து மெஷின்

இன்று காலை மீஞ்சூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஒரே டிஸ்க்கின் நகலை வரிசையாகப் பல மெஷின்களில் இறக்கிக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் எழவில்லை. "இதுல டிஸ்க் வேற சார், அதான்" என்று சிரித்தபடி மூடியைக் கழற்றினார். சூடேறிய தூசியின் வாசனை வந்தது. என் கை நடுங்கத் தொடங்கியது. "சுகர் இருக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை. உன்னைப் பற்றி அவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

எண்பதுகளின் கடைசி அது. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை இறக்கலாம் என்ற பாடு முறை உங்கள் மூன்று குப்பங்களுக்கும் பொது. சீட்டுக் குலுக்கி முடித்தபின் ஒருநாள் மூன்று குப்பத்திலும் அந்த வரிசையை உரக்க வாசிப்பார்கள். ஒரு குப்பத்தின் வாசிப்பைக் கேட்டு வர மற்றக் குப்பத்து ஆள் போவான். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் வலை இறங்கும். ஒரு பெயர் பிசகினாலும் ஏரியில் யாருக்கும் வேலை இல்லை.

நீ மீனவர் சங்கத்தின் செயலாளர். நான் மெஷின் பழக்க மீஞ்சூரிலிருந்து வந்தவன். சங்கத்துக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்ததும், வரிசையை அவற்றில் வைத்துத் திரையைப் பார்த்தே வாசிக்கலாம் என்று மூன்று ஊரையும் சம்மதிக்க வைத்தாய். "தனித்தனியா டைப் பண்ணா எவனோ நடுவுல கைய வெச்சிட்டான்னு சொல்வானுங்க நைனா. ஒரு டிஸ்க்க அப்டியே மூணுலயும் எறக்கு" என்றாய். உன் வயதுதான் எனக்கும். நான் என்ன உனக்கு அப்பாவா என்று கேட்டால், "உன் மூஞ்சிக்கு வேற இன்னா கூப்புடறது?" என்பாய்.

முதல் இரண்டு மெஷின்களும் ஒரே சரக்கு. நகல் தடங்கலில்லாமல் ஓடியது. ஏரிக்கு அக்கரையில் இருந்த குப்பத்துக்கு மெஷின் தாமதமாக வந்தது. வாசிப்பு நாளன்று காலையில்தான் நாம் இருவரும் படகில் போய் அதில் நகலை இறக்கினோம். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் வேறு, அதை ஓட்டும் கார்டும் வேறு. முதல் மெஷினுடைய டிஸ்க்கின் அளவுகளை அப்படியே இதன் தலையில் எழுதியிருந்தோம். எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை.

அதற்குள் உங்கள் கரையில், வாசித்து முடித்ததும் போடும் வெடிச் சத்தம். மற்ற இரண்டு குப்பங்களும் வாசித்துவிட்டன.

"எங்க பாடு வரிசைய அழிச்சிட்டானுங்கடா" என்று வெளியே ஒரு குரல் எழுந்தது. ஜன்னல் உடைந்து படகு தள்ளும் கழி ஒன்று உள்ளே வந்தது. அது என் தலைக்கு வந்தது. நீ கையைக் குறுக்கே நீட்டினாய். உன் இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் விளக்கம் சொல்ல முயன்றேன். இதில் இருப்பதை அழிக்க வேண்டும், இதன் கார்டுக்கு ஏற்றபடி டிஸ்க்கைத் தயார் செய்ய வேண்டும், அதன்பிறகு வரிசையை மட்டும் தனியாக ஏற்ற வேண்டும் என்றேன்.

"அழிக்கணும்னு அவன் வாயாலயே சொல்றான் பாரு" என்றார் அவ்வூர்த் தலைவர். யாரோ என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

நீ தரையில் குந்தினாய். "என் கழுத்துல கத்திய வை மாமா. அங்க படிச்சதையே இது படிக்கலன்னா அறுத்துடு. அவர வேல செய்ய விடு" என்றாய்.

தலைவர் உண்மையாகவே மீன் அரியும் கத்தியை வைத்தார். அவர் கை ஆடியதில் உன் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. "கத்திய நேரா புடி மாமா. நடுங்கறதுக்குன்னு இங்க ஏற்கெனவே ஒருத்தர் கீறாரு" என்று என்னைக் காட்டினாய். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும், ஏனென்று தெரியவில்லை, சிரித்துவிட்டேன்.

ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். டிஸ்க்கை அதன் அளவிலேயே தயார் செய்தேன். அது எழுந்தது. வரிசை இருந்த ப்ளாப்பியைச் செருகினேன். பெயர்கள் திரையில் ஏறின. உங்கள் கரையில் வாசித்ததைக் கேட்டுத் திரும்பியிருந்த அக்கரைக் குப்பத்து ஆள் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினான். கடைசிப் பெயருக்கும் ஆட்டினான். கத்தி கழுத்தைவிட்டு இறங்கியது.

ஆனால் உன் கழுத்தில் கத்தி இருக்கும் செய்தி உன் குப்பத்துக்குப் போய்விட்டிருந்தது. படகுகள் கரை தட்டின. நீ உடைந்த கையை மார்போடு அணைத்தபடி கரைக்கு ஓடினாய். தலைவரும் கத்தியைக் கீழே போட மறந்து உன்னோடு ஓடினார். உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிச்சிடுச்சுடா, மூணும் ஒண்ணுதான்டா" என்று கத்தினாய்.

உன் தம்பிக்குக் கத்தி மட்டும்தான் தெரிந்தது. அவன் தலைவரைப் பார்த்து வீசிய துடுப்பு உன் நெற்றிப் பொட்டில் இறங்கியது. முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தாய். அதன் பிறகு உன்மேலேயே மிதித்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். மண்டைகள் உடைந்தன. ஒருவனுக்குக் காது போயிற்று. நான் மேசைக்கு அடியில் புகுந்து மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் உன்னைப் புரட்டிப் போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

கேஸ், கைது எல்லாம் ஆனபின் மூன்று குப்பத்துப் பெரியவர்களும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். "செத்தவன் பேரு பாடு வரிசைல இருக்கக் கூடாது சார். மூணுலயும் எடுத்துடு. புள்ளைங்க பட்டினியா கெடக்குது." இந்த முறை நகல் எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டு மெஷின்களில் எடுத்துவிட்டு அக்கரைக்குப் போனேன். சுவரில் என் ரத்தத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். ஜாமீனில் வந்திருந்த தலைவர் எனக்குப் பின்னால் நின்றார். உன் பெயரில் விரலை வைத்துவிட்டு அழுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மெதுவா செய்யி சார்" என்றார் அவர்.

அழுத்தினேன். மூன்றும் ஒன்றாயின. மறுநாள் வலை இறங்கியது.

இத்தனை வருடம் கழித்தும், எந்த மெஷினிலும் ஒரு பெயரை அழிக்க நேர்ந்தால் என் விரல் அந்த விசையின் மேல் நின்றுவிடுகிறது. பின்னால் யாரோ காத்திருப்பது போல இருக்கிறது. மெதுவாகத்தான் செய்கிறேன்.