தேசிக்காய்த் தண்ணியில் முழுகிய அல்பாக்கா மயிர்

மச்சான்,

இன்று மீன் கழுவத் தேசிக்காய் வெட்டினேன். அந்த மணம் என்னை நேரே, ரொறன்ரோவில் நாம் சேர்ந்திருந்த பார்க்டேல் வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுபோய் விட்டது. நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளியல் தொட்டிக்கு முன்னால் நிற்கிறாய். எனக்கு உன்மேல் கொலைவெறி.

அம்மா கனடா வந்த முதல் பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தார். கம்பளி பட்டால் கடிக்கும்; கழுத்தும் கையும் தடித்துச் சிவக்கும். செயற்கை நூல் உடுப்புக்குள் வேர்க்கும்; வெளியே போனால் அந்த வேர்வையே குளிரும். ஜன்னலோரம் இருந்தபடி, "அடுத்த பனி விழமுதல் என்னைத் திருப்பி அனுப்பிவிடு" என்பார். திரும்பிப் போக அங்கே வீடும் இல்லை, சனமும் இல்லை. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டார்; எனக்கு அதுதான் பயம்.

நீ அப்போது விட்பிக்கு அங்கால் உள்ள பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றுகிற ட்ரக் ஓடினாய். ஒரு பண்ணைக்காரி அல்பாக்கா வளர்க்கிறாள், மயிர் கத்தரிக்கிற நாளில் உதவிக்கு ஆள் வேண்டுமாம், கூலிக்குப் பதில் மயிர் தருவாளாம் என்று வந்து நின்றாய்.

"அன்ரிக்கு உது கடிக்காதாம், மச்சான்."

"விக்கிறவள் அப்பிடித்தான் சொல்லுவாள்."

நெசவுத் தொழில்நுட்பம் படித்தவன் நான். தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன். பார்க்கத்தான் உன்னோடு பண்ணைக்கு வந்தேன்.

ஒட்டகத்துக்குச் சொந்தம், ஆனால் திமில் இல்லை. நீண்ட கழுத்து, கண்ணை மறைக்கிற முடி, எந்நேரமும் 'ம்ம்' என்ற முனகல். "கலியாணவீட்டிலை சாப்பாட்டுக்குக் கூப்பிடேல்லை எண்டு நிக்கிற சித்தப்பா மாதிரி" என்றாய். நான் ஒன்றைத் துரத்திப் பிடிக்கப் போனேன். அது என் முகத்தில் துப்பியது. "பார், உனக்கும் ஒரு ஆள் கிடைச்சிட்டுது" என்று வேலியில் தொங்கிச் சிரித்தாய். பிறகு கையிரண்டையும் விரித்து, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்தாய். அதுகள் தாமாகவே மூலைக்குப் போய் நின்றன.

காலைக் கட்டிப் படுக்கவைத்துக் கத்தரித்தபோது முதுகு மயிர் ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. காலிலும் வயிற்றிலும் உள்ளது முரடு. அதைத் தனியே ஒதுக்கினார்கள். முதுகு மயிரை உள்மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தேன். குத்தவில்லை. ஆட்டு மயிரில் உள்ள எண்ணெய்ப்பசையும் இல்லை. மயிரின் மேல் செதில்கள் தட்டையாக இருப்பதால்தான் இந்த வழுவழுப்பு என்று திரும்பி வரும் வழியெல்லாம் உனக்கு விளக்கினேன். நீ ரேடியோவைக் கூட்டிவைத்தாய்.

திட்டம் சுலபம்: மெதுவாக அலசி, நூற்கக் கொடுத்து, அம்மாவுக்கு ஒரு சட்டை பின்னுவிப்பது. நான் வேலையால் வந்தபோது குளியலறை முழுக்க ஆவி.

"என்னடா செய்தனி?"

"முழுக வாத்தனான். மாட்டுக்கொட்டில் மணமெல்லே! தேசிக்காய் அவிச்ச சுடுதண்ணியிலை, அம்மா சின்னனிலை எனக்குத் தேய்க்கிற மாதிரி, நல்லா உரஞ்சித் தேய்ச்சு..."

"பிறகு?"

"பிறகு பச்சைத்தண்ணி. தலைமுழுக்கு எண்டால் அப்பிடித்தானே?"

சூடு, தேய்ப்பு, உடனே குளிர். மயிரை இறுக்கிப் பலகையாக்க வேறொன்றும் வேண்டாம். தொட்டியில் கிடந்தது நூலாகாத ஒரு தடித்த விரிப்பு. "இதை இனிக் கடவுளாலையும் நூற்க ஏலாது!" என்று கத்தினேன். சத்தத்துக்கு அம்மா எழுந்து வந்தார். விரிப்பின் ஓரத்தைப் பிழிந்து கழுத்தில் வைத்தார். அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"கடிக்கேல்லை" என்றார். பிறகு உன்னிடம், "தம்பி, இதைக் காயப்போடு. காய்ஞ்சாப்போலை வெட்டித் தைக்கலாம். உவன் கத்தட்டும்."

வந்த நாளிலிருந்து ஊசியே தொடாதவர், அந்த விரிப்பை வெட்டி, பழைய பருத்திச் சேலையை உள்ளும் புறமும் வைத்து, கையில்லாத சட்டை ஒன்று தைத்தார். அடுத்த பனிக்காலத்தில் முதல் பனி விழுந்த நாள், அந்தச் சட்டையோடு நீதான் அவரைக் கைபிடித்துத் தெருமுனைக் கடைவரை கூட்டிப்போனாய். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். "பனிக்குக் குடை பிடிக்கிற விசரன்" என்று நீங்கள் இருவரும் சேர்ந்து நக்கலடித்தீர்கள். திரும்பிப் போகிற கதையை அம்மா பிறகு எடுக்கவே இல்லை.

மச்சான், நமக்குள் நன்றி சொல்கிற வழக்கம் இல்லை. இப்போது சொல்கிறேன், நீ நக்கலடிக்க முடியாது என்ற துணிவில்.

நெடுஞ்சாலைப் பனியில் உன் ட்ரக் சறுக்கி நீ எங்களை விட்டுப் போனபின், உன் தங்கை கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "அண்ணா அங்கை செய்தது, விட்டுட்டுப் போனது எண்டு ஏதாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புவியளோ?" என்று கேட்டாள்.

நாங்கள் இப்போது இருக்கிற ரூஜ் வீட்டு வாசலில், முழங்கால் பனிக்குள், அந்தக் கையில்லாத சட்டையோடு பஸ்ஸுக்குத் தனியே புறப்பட்டு நின்ற அம்மாவைப் படமெடுத்து அனுப்பினேன்.